பிராந்திய ராணுவமும் வீட்டு வாடகையும்: வடசென்னை வாசகர் கேள்விகள்

2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது, பிராந்திய ராணுவத்தினரைத் தேவைப்பட்டால் முழுமையாக அழைத்துக்கொள்ள ராணுவத் தலைமைத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்தது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து டி.ஏ. (டெரிட்டோரியல் ஆர்மி, அதாவது இந்தப் பிராந்திய ராணுவம்) பற்றிக் கேட்டு வரும் கடிதங்கள் குறையவே இல்லை, அதிலும் பாதிக்கு மேல் நம்ம வடசென்னைக் கடிதங்கள். வேலையும் பார்த்துக்கொண்டு டி.ஏ-விலும் இருந்தவன் என்பதால் ஆசிரியர் அவற்றை என்னிடம் தள்ளிவிட்டார். எல்லாவற்றிலும் ஒரே கவலைதான்: உடுப்புப் போட ஆசை, ஆனால் அடுப்பு எரிய வேண்டுமே?

கொருக்குப்பேட்டை வாசகர்: வயது 25, பத்தாவது பாஸ். குடோனில் லோடு ஏற்றுகிறேன். அக்னிவீருக்கு வயது தாண்டிவிட்டது. டி.ஏ-வில் 42 வரை எடுக்கிறார்களாமே, அதில் சேர்ந்தால் வாழ்க்கை செட்டில் ஆகிவிடுமா சார்?

வயது விஷயம் சரிதான் தம்பி, 18 முதல் 42 வரை. ஜெனரல் டியூட்டி சிப்பாய்க்குப் பத்தாவதில் மொத்தம் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் கேட்பார்கள், அதனால் வெறும் ‘பாஸ்’ போதாது, மார்க் ஷீட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள். உயரம் 160 செ.மீ. இருக்க வேண்டும். 1.6 கிலோமீட்டர் ஓட்டம், கம்பியில் தொங்கி எடுக்கும் புல்-அப், 9 அடிப் பள்ளம் தாண்டுவது இதெல்லாம் உண்டு. மூட்டை தூக்கும் உடம்புக்குப் புல்-அப் வந்துவிடும், ஓட்டம்தான் பலரையும் கவிழ்க்கிறது, ஆகவே இப்போதிலிருந்தே விடியற்காலையில் ஓட ஆரம்பியுங்கள்.

செட்டில் ஆகுமா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில்: ஆகாது. இதை நான் சந்தோஷமாகச் சொல்லவில்லை, ஆனால் இதைத் தெரியாமல் சேர்ந்து அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 1948-ல் இதற்குச் சட்டம் வந்தது, 1949 அக்டோபர் 9-ம் தேதி கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தொடங்கிவைத்தார். அன்று முதல் இதன் அடிப்படை ஒன்றுதான். வேறு ஒரு பிழைப்பு வைத்திருக்கும் ஆள், வருடத்தில் கொஞ்ச காலம் பயிற்சிக்கு வருவான், நாட்டுக்குத் தேவை என்றால் உடுப்பு மாட்டுவான், தேவை முடிந்ததும் தன் தொழிலுக்குத் திரும்புவான். உடுப்பில் இருக்கும் நாட்களுக்கு ரெகுலர் ராணுவச் சிப்பாய்க்கு என்ன சம்பளமோ அதேதான், அடிப்படை 21,700, அதோடு ராணுவ சேவைப் படி 5,200, அகவிலைப்படி தனி. கேட்க நன்றாக இருக்கிறதா? வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு ஒரு பைசா கிடையாது. அதனால் குடோன் வேலையையோ, அதைவிட நல்ல வேறொன்றையோ கையில் வைத்துக்கொண்டுதான் இதற்குப் போக வேண்டும்.

இன்னொன்று. சிப்பாய் ஆள்சேர்ப்பு முகாமுக்குக் கட்டணமே கிடையாது. 2024 நவம்பரில் கோயம்புத்தூரில் முகாம் நடந்தபோது தமிழ்நாட்டுப் பையன்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள், அந்தக் கூட்டத்தை நம்பியே பிழைக்கிற புரோக்கர்களும் இருக்கிறார்கள். ‘உள்ளே ஆள் இருக்கு, ரெண்டு லட்சம் கொடு’ என்று எவனாவது வந்தால் டீக்கடையிலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: தனியார் கம்பெனியில் எட்டு வருடமாக பெர்மனென்ட். டி.ஏ-வில் தேர்வாகிவிட்டேன். எச்.ஆரில் போய்ச் சொன்னால், ‘போறதா இருந்தா ரிசைன் பண்ணிட்டுப் போ, இங்க ஆள் காத்துக்கிட்டு இருக்கான்’ என்கிறார்கள். என்ன செய்வது?

ரிசைன் மட்டும் பண்ணிவிடாதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடியும் போய்விடும்.

பிராந்திய ராணுவச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட ஊழியருக்குத் தேவையான விடுப்பு கொடுப்பதும், சேவை முடிந்து வந்ததும் மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்வதும் முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. சும்மா சேர்த்துக்கொண்டால் போதாது, இடையில் நீங்கள் போகாமலே இருந்திருந்தால் என்ன நிலையில் இருந்திருப்பீர்களோ அதற்குக் குறையாத நிலையில் வைக்க வேண்டும். அழைப்பு வரப்போகிறது என்று தெரிந்து முன்கூட்டியே வேலையை விட்டு நீக்கித் தப்பிக்கப் பார்த்தாலும் அந்தக் கடமை அவர்களை விடாது. 7பி என்ற அடுத்த பிரிவு பி.எஃப். போன்ற உரிமைகளைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது.

இப்போது இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சட்டம் இருக்கிறதே என்ற தைரியத்தில் மட்டும் போய் நிற்கக் கூடாது. முதலாளி ‘திரும்பச் சேர்ப்பது நடைமுறையில் முடியாது’ என்று சொன்னால் விஷயம் அதற்கென்று குறிக்கப்பட்ட அதிகாரியிடம் போகும். அவர் வேலை கொடுக்கச் சொல்லலாம், நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம், நியாயம் இருக்கிறது என்று பட்டால் முதலாளிக்கு விலக்கும் கொடுக்கலாம். நஷ்டஈட்டின் உச்சவரம்பு ஆறு மாதச் சம்பளம். உத்தரவை மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை, அந்தக் காலத்துத் தொகை, இன்றைக்கு ஒரு கம்பெனியின் ஒரு நாள் டீ செலவுக்குக் காணாது. இதை உயர்த்த வேண்டும் என்று நான் பல வருடமாக வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாட்டுக்காகப் போனவன் திரும்பி வந்து கேட் வாசலில் செக்யூரிட்டியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பது எந்த விதத்திலும் நியாயம் கிடையாது.

ஆகவே காகிதத்தைச் சேருங்கள். டி.ஏ-வில் சேரப்போவதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி டைம் ஆபீஸில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாய் வார்த்தையாக எச்.ஆர். சொன்னதை நம்பவும் வேண்டாம், அதற்குச் சண்டை போடவும் வேண்டாம். யூனிட்டிலிருந்து அழைப்புக் கடிதம் வந்ததும் அதன் நகலை இணைத்து விடுப்பு விண்ணப்பம், அதற்கும் சீல். பயிற்சி முடிந்து விடுவிக்கும்போது யூனிட் கொடுக்கும் சான்றிதழை வாங்காமல் ரயில் ஏறாதீர்கள், ஊர் வந்த கையோடு அதைக் கொடுத்து ‘வேலைக்கு வந்துவிட்டேன்’ என்று எழுத்தில் தெரிவியுங்கள். நான் அந்த நாளில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன், முகாம் முடிந்து வந்தபோது என் மிஷினில் வேறு ஆளை உட்காரவைத்து என்னை நிரந்தர நைட் ஷிஃப்டுக்குத் தூக்கிப் போட்டார்கள். யூனியன் செயலாளர் 7ஏ பிரிவின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார், ‘குறையாத நிலை’ என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு மேசை மேல் வைத்தார், அடுத்த வாரம் நான் பழைய மிஷினுக்கு வந்துவிட்டேன். கோர்ட் படி ஏறத் தேவைப்படவில்லை. பெரும்பாலான மேனேஜர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது, தெரிந்தால் பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள்.

காண்ட்ராக்டில் இருப்பவர்களும் இதே கேள்வியை எழுதியிருக்கிறார்கள், எண்ணூரிலிருந்தும் அத்திப்பட்டிலிருந்தும். உங்கள் சம்பள ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் முதலாளி, அதாவது காண்ட்ராக்டர். நீங்கள் திரும்பி வரும்போது அந்த காண்ட்ராக்ட்டே கைமாறியிருக்கலாம். உங்களுக்குச் சட்டத்தைவிட மேஸ்திரியின் வாக்கு பெரிது, போவதற்கு முன்னால் அவரிடம் நேரில் பேசிவிடுங்கள், இன்னொரு இடத்தில் உங்களைச் சேர்த்துவிடக்கூடிய ஒருவரையும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி வாசகி: என் வீட்டுக்காரர் பைக்கில் சாப்பாடு டெலிவரி பண்றார். ராத்திரி வரைக்கும் ஓட்டினால்தான் பைக் இ.எம்.ஐ., குழுக் கடன், வாடகை எல்லாம் நடக்கும். ரெண்டு பிள்ளைங்க. கால்பந்து ஆடின உடம்பு, முகாமுக்குப் போனால் தேறிடுவார்னு எல்லாரும் சொல்றாங்க. ‘வருஷத்துக்கு ரெண்டு மாசம்தானே’ங்கிறார். நான் வேண்டாம்னு சொன்னா தப்பா அண்ணா?

தப்பே இல்லைம்மா. வீட்டை நடத்துகிறவர் நீங்கள், கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். அவர் இதைப் படிக்க வேண்டும் என்று நினைத்தே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘ரெண்டு மாசம்’. அது குறைந்தபட்சப் பயிற்சிக் கணக்கு. டி.ஏ. காலாட்படை பட்டாலியன்கள் பலவும் காஷ்மீரிலும் வடகிழக்கிலும் தொடர்ந்து பணியில் இருப்பவை, ஒரு பட்டாலியனைப் பணிக்கு எடுத்துவிட்டால் மாதக் கணக்கு வருடக் கணக்காக நீளும். 2025 மே மாத உத்தரவில் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணிக்கு எடுக்கலாம் என்று இருந்தது, அந்த உத்தரவின் காலம் 2028 பிப்ரவரி வரை. ஆக, இரண்டு மாதம் என்று நினைத்துப் போனவர் இரண்டு வருடம் வராமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. இதை மனதில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் மற்றது.

பணம் என்று பார்த்தால், பணியில் இருக்கும் மாதங்களில் நிலைமை மோசமாகவே இருக்காது. மேலே சொன்ன சம்பளம் மாதாமாதம் வங்கிக்கு வரும், அவருக்குச் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அங்கேயே, பெட்ரோல் செலவு கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு மழையில் பைக்கை ஓட்டிக்கொண்டு போனவருடைய வருமானத்தைவிட அதிகமாகவே இருக்கலாம். கஷ்டம் இரண்டு இடத்தில் இருக்கிறது, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

போகும்போது என்னவென்றால், புதிதாகச் சேர்ந்தவரின் ஆவணங்கள் எல்லாம் சரிபார்த்து முதல் சம்பளம் கைக்கு வர நாளாகும். ஆனால் இங்கே தண்டல்காரர் சாயங்காலம் ஆனால் வாசலில் நிற்பார். என்னோடு பயிற்சியில் ஒரு பையன் இருந்தான், காலையில் அணிவகுப்பு முடிந்து பத்து நிமிஷம் ஓய்வு கொடுப்பார்கள், எல்லோரும் தண்ணீர் குடிக்க ஓடினால் அவன் மட்டும் பாரக் சுவர் ஓரமாகப் போய் போனை எடுத்துத் தண்டல்காரரிடம் ‘அண்ணே, இந்த வாரம் மட்டும்ண்ணே, வீட்டுப் பக்கம் போய் சத்தம் போடாதீங்கண்ணே’ என்று சொல்லிக்கொண்டிருப்பான். துப்பாக்கி சுடும் பயிற்சியில் அவன் மனசு அங்கே இல்லை. நல்ல திறமைசாலி, அந்தக் கடனே அவனைப் பாதியில் ஊருக்குத் திருப்பி அனுப்பியது. அதனால் உங்கள் வீட்டுக்காரர் முகாமுக்குப் போவதற்கு முன்னால் தண்டல், மீட்டர் வட்டி என்று எது இருந்தாலும் அடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இ.எம்.ஐ., குழுக் கடன் இரண்டுக்கும் மூன்று மாதத் தவணையும் மூன்று மாத வாடகையும் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும், அவர் கணக்கில் அல்ல, உங்கள் கணக்கில்.

திரும்பி வரும்போது வரும் கஷ்டம் வேறு மாதிரி. திருவொற்றியூர்க்காரருக்குச் சொன்ன 7ஏ பிரிவு ‘முதலாளி’யைத்தான் கட்டுப்படுத்தும். டெலிவரி வேலையில் இவரை ஊழியர் என்றே ஒத்துக்கொள்வதில்லை, ‘பார்ட்னர்’ என்கிறார்கள். பல மாதம் ஆப்பைத் திறக்காமல் இருந்தால் ஐ.டி. முடங்கிப்போகலாம், சேர்த்துவைத்த ரேட்டிங்கும் போகலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஆட்டோ ஓட்டுபவர்களும் இதே நிலைதான், ஆனால் சொந்த ஆட்டோ என்றால் வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாம், ஸ்டாண்டில் இடம் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் யோசித்துப் பார்த்தால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டேன், ‘இப்போ வேண்டாம், பைக் இ.எம்.ஐ. முடியட்டும்’ என்று சொல்வேன். வயது வரம்பு 42, அவருக்கு நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் ஓட்டப் பயிற்சி எடுக்கட்டும், கடன் குறையட்டும், நீங்களும் ஏதாவது சின்ன வருமானத்துக்கு வழி பாருங்கள். சேர்ந்த பிறகும் கணக்கை இரண்டு பேர் பெயரிலும் வையுங்கள், ஏ.டி.எம். கார்டு உங்களிடம் இருக்கட்டும், நாமினி இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். உடுப்புப் போடும் மனிதனின் வீட்டில் இதையெல்லாம் பேசுவது அபசகுனம் என்று மாமியார் சொன்னாலும் பேசுங்கள். பணியில் இருக்கும்போது காயம் பட்டாலோ உயிருக்கு ஆபத்து வந்தாலோ ரெகுலர் வீரர்களைப் போலவே ஓய்வூதியப் பலன்கள் உண்டு, அவை குடும்பத்துக்கு வந்து சேரக் காகிதங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும்.

காசிமேடு வாசகர்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கரையில்தான் நிற்கும். டி.ஏ. பயிற்சியும் ரெண்டு மாதம்தானாம். அந்த நேரத்தில் போய்விட்டு வந்தால் கணக்கு சரியாகுமே?

கடிதத்தைப் படித்ததும் எனக்கே ‘அட!’ என்று இருந்தது, நாட்கணக்கு அப்படிப் பொருந்துகிறது. ஆனால் பயிற்சி எப்போது என்பதை யூனிட் முடிவு செய்யும், நாம் கேட்ட மாதத்தில் வராது. தடை முடிந்து படகு இறங்கி நல்ல மீன்பாடு இருக்கிற ஜூன் கடைசியில் அழைப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? ஐஸ், டீசலுக்கு முன்பணம் வாங்கியிருந்தால், பங்கு ஆளாகப் போவதாக ஓனரிடம் வாக்குக் கொடுத்திருந்தால், அந்த இடம் காலியாகத்தான் நிற்கும். எனவே உங்கள் பங்கில் இறங்க ஒரு தம்பியோ மச்சானோ இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் குடும்பத்துக்குத்தான் வருகிறது, ஆனால் நீங்கள் வெளியூரில் இருக்கும்போது சங்கத்தில் கணக்கெடுப்பு வந்தால் வீட்டில் உள்ளவர் போய் நிற்க வேண்டியிருக்கும், அட்டையும் பாஸ்புக்கும் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கரையை விட்டுத் தூரம் போக மனசில்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் மீனவ இளைஞர்களை ஊர்க்காவல் படையினராக எடுப்பது உண்டு. அது ராணுவம் கிடையாது, வருமானமும் டியூட்டி போட்ட நாளுக்கு மட்டும். ஆனால் கடலையும் நீச்சலையும் அறிந்தவருக்கு அங்கே மதிப்பு, ராத்திரி வீட்டுக்கும் வந்துவிடலாம்.

ராயபுரம் வாசகர்: தோனியும் டி.ஏ-தானே? அவர் கிரிக்கெட்டும் ஆடினாரே?

அவருக்கு 2011-ல் லெப்டினன்ட் கர்னல் பதவியைக் கௌரவமாகக் கொடுத்தார்கள். நடிகர் மோகன்லாலுக்கு 2009-ல், கபில்தேவுக்கு 2008-ல். கௌரவப் பதவி என்றாலும் தோனி 2019-ல் காஷ்மீருக்குப் போய்த் தன் பாராசூட் பட்டாலியனோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தார், அந்த மரியாதையை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் வாழ்க்கையை வைத்து உங்கள் மாதச் செலவைக் கணக்குப் போட வேண்டாம்.

பெரம்பூர் வாசகர்: அப்பா ரயில் பெட்டிப் பட்டறையில், அதான் கேரேஜ் ஒர்க்ஸில் இருந்தவர். நான் ரயில்வேயில் அப்ரன்டிஸ் முடித்திருக்கிறேன். ‘டி.ஏ. என்றால் ஸ்டிரைக்கை உடைக்க வந்தவர்கள்’ என்று சொல்லி வீட்டில் பேச்சே எடுக்க விடமாட்டேன் என்கிறார்.

அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது. 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது ரயில்வேயின் டி.ஏ. பிரிவுகளைப் பணிக்கு அழைத்து வண்டிகளை ஓட்டச் செய்தார்கள். தன் கூட வேலை பார்ப்பவன் உடுப்புப் போட்டுக்கொண்டு இன்ஜினில் ஏறுவதைப் பார்த்தவர்களின் மனசு ஆற ஐம்பது வருஷம் போதாது, அதைப் பற்றி அவரிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள். ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள் போன்றவற்றில் அந்தத் துறை ஊழியர்களையே வைத்து நடத்தும் பிரிவுகள் தனி, போரோ பேரிடரோ வந்தால் வண்டியும் எரிபொருளும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஏற்படுத்தியவை. நீங்கள் நினைப்பது காலாட்படை பட்டாலியன் என்றால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. நம்ம பக்கத்தில் கோயம்புத்தூரில் 110-வது பட்டாலியன் இருக்கிறது, திருச்சியில் 117-வது. எந்தப் பிரிவு என்பதை அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுப் பேசிப் பாருங்கள்.

கொளத்தூர் வாசகி: டிகிரி முடித்துத் தனியார் வங்கியில் வேலை. பெண்கள் சேர முடியுமா?

அதிகாரியாகச் சேர முடியும். பெண்களுக்குக் கதவு மூடியிருந்ததை எதிர்த்து வழக்குப் போட்டு, 2018-ல் டெல்லி உயர்நீதிமன்றம் பெண்களும் தகுதியானவர்களே என்று தீர்ப்பளித்தது. இடங்கள் மிகவும் குறைவு, 2025 அறிவிப்பில் 19 இடங்களில் பெண்களுக்கு ஒன்றுதான். எழுத்துத் தேர்வு, ஆரம்ப நேர்காணல், அப்புறம் எஸ்.எஸ்.பி. என்ற ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. விண்ணப்பிக்கும்போதே வருமானம் உள்ள வேலையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, உங்களுக்கு அது இருக்கிறது. வங்கியில் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு இடம் என்று மலைத்துப் போகாமல் எழுதுங்கள், விண்ணப்பங்கள் குவிந்தால்தான் இடங்கள் கூடும் என்று நான் நம்புகிறேன்.

மணலி வாசகர்: பென்ஷன் உண்டா?

சேர்ந்துவிட்டாலே கிடைத்துவிடாது. உடுப்பில் இருந்த நாட்களைத்தான் கூட்டுவார்கள். அப்படிச் சேர்ந்த சேவை சிப்பாய் முதல் ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) வரை 15 வருடம், அதிகாரிக்கு 20 வருடம் ஆனால்தான் பென்ஷன். வருடத்துக்கு இரண்டு மாதம் என்றே போனால் அந்தக் கணக்கு எட்டவே எட்டாது. உங்கள் கம்பெனி பி.எஃப். பணத்தில் கை வைக்காமல் இருங்கள்.

புதுவண்ணாரப்பேட்டை வாசகி: என் மகன் டி.ஏ-வில் இருக்கிறான், பணிக்குக் கூப்பிட்டுப் போயிருக்கிறான். எம்.சி. ரோட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி மொபைல் சர்வீஸ் கடை வைத்திருந்தான், பூட்டிக் கிடக்கிறது. கடை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. சின்னவன் காலேஜில் படிக்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை ஐயா.

அம்மா, உங்கள் மகன் நல்லபடியாகத் திரும்பி வருவார். கடைக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

நாளைக்கே கடையைத் திறந்து, வாடிக்கையாளர்கள் சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டுப் போன போன்கள் எத்தனை இருக்கின்றன என்று சின்னவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் பெயரும் நம்பரும் எழுதிய சீட்டு ஒட்டியிருப்பார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பழுது பார்த்து முடித்திருந்தால் காசை வாங்கிக்கொள்ளுங்கள். கடையின் பெயர் கெடாமல் இருக்க இதுதான் முதல் வேலை, ‘போனை வாங்கிக்கிட்டு ஆளையே காணோம்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் தெரு முழுக்கப் பரவிவிடும்.

அடுத்து கடை ஓனர். தவிர்க்காமல் நேரில் போங்கள், மகனின் யூனிட் கொடுத்த அழைப்பின் நகலைக் காட்டுங்கள், அட்வான்ஸில் மாதா மாதம் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், ஒத்துக்கொண்டால் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அட்வான்ஸ் கரைந்துகொண்டிருப்பது கஷ்டம்தான், ஆனால் இடம் கையை விட்டுப் போகாது. சின்னவர் காலேஜ் விட்டு வந்து சாயங்காலம் மூன்று மணி நேரம் ரீசார்ஜ், கவர், சார்ஜர் விற்றால்கூட வாடகையில் ஒரு பகுதி வரும், ஷட்டரும் தினமும் ஏறும். பரீட்சை நேரத்தில் மட்டும் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

மகன் ஜி.எஸ்.டி. எண் எடுத்திருந்தால் வியாபாரம் இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், இல்லையென்றால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். வியாபாரமே இல்லை என்றால் அவருடைய பதிவு செய்த போன் நம்பரிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பியே அதை முடித்துவிடலாம், கணக்குப் பார்க்கும் ஆடிட்டரிடம் கேட்டால் எந்த வாசகம் என்று சொல்லித் தருவார்.

அப்புறம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. பெயரில் ‘முன்னாள்’ இருந்தாலும் இப்போது பணியில் இருப்பவர்களின் குடும்பமும் அங்கே போய் உதவி கேட்கலாம். மகனின் ராணுவ எண், யூனிட் பெயர், உங்கள் ஆதார், குடும்ப அட்டை, இவற்றின் நகல்களை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். முதல் நாளே வேலை முடியாமல் போகலாம். யாரிடம் மனு கொடுத்தீர்கள், எந்தத் தேதி என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். மகன் அடுத்த முறை போன் செய்யும்போது யூனிட் மூலமாகவும் ஒரு கடிதம் அந்த அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், அதற்குக் கொஞ்சம் வேகம் கூடும். அங்கே சொன்ன பதிலை எனக்கும் எழுதிப் போடுங்கள், சிக்கல் ஏதாவது இருந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.